மூன்றாம் ஓலை

பெங்களூரிலிருந்து மகன் ஆண்டனி அனுப்பிய லேப்டாப்புக்கு வைஃபை இணைக்க வந்தவளைப் பார்த்ததும் இஞ்ஞாசிமுத்துவுக்கு உள்ளுக்குள் இனித்தது.

ஜெசிந்தா!

போன வருஷம் கோயிலில் ஆண்டனிக்கும் இவளுக்கும் கல்யாண அறிவிப்பான ஓலையை மூன்றாவது முறையாக வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று சாமியார் கேட்டபோது, எழுந்து நின்று "தடை இருக்கு சாமி" என்று கல்யாணத்தையே நிறுத்தியவர் அவர். கம்பம் ஊரில் ஜீப் ஓட்டுகிறவன் மகள் அவர் வீட்டு மருமகளா?

"நாற்காலியில உக்காராத. கீழ உக்காந்து பாரு."

அவள் முகம் சுளிக்காமல் தரையில் உட்கார்ந்து வேலையை முடித்தாள்.

"பாஸ்வேர்டை நீங்களே அடிங்கய்யா. எட்டு நம்பர். ஒண்ணு, ரெண்டு, பூஜ்யம், அஞ்சு..."

ஒற்றை விரலால் எட்டையும் அடித்தார்.

"ஒருக்க அடிச்சாப் போதும்ல?"

"இல்லைய்யா. அது ஞாபகம் வச்சுக்காதபடி மாத்திட்டேன். தொறக்கும்போதெல்லாம் நீங்கதான் அடிக்கணும்."

அதற்குள் வீடியோ காலில் ஆண்டனி வந்துவிட்டான். இஞ்ஞாசிமுத்து லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார்.

"பாருடா, யாரு வந்து நம்ம வீட்டுத் தரையில உக்காந்திருக்கான்னு!"

"தெரியும்ப்பா. நான்தான் அனுப்பினேன்."

ஜெசிந்தா எழுந்து அந்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நீங்க அடிச்சது எங்க கல்யாணத் தேதி, மாமா. பெங்களூரு கோயில்ல மூணு ஓலையும் வாசிச்சாக. எந்திரிச்சு நிக்கத்தான் அங்கன நீங்க இல்ல."