காலியிடம்: பூஜ்யம்

“கடைசி ஆள் வரைக்கும் நீயேதான் பேசணும். அதுவரைக்கும் சீட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது!”

மேனேஜர் போட்ட சத்தத்தில் மூலையிலிருந்த தண்ணீர் கேனே பயந்துபோய்க் குமிழி விட்டது.

“நான் வேலையை விட்டே போயிடறேன் சார். இனிமே ஒரு வரிகூட எழுத மாட்டேன்,” என்று அழுதாள் புரோகிராமர் பெண்.

“போறதெல்லாம் அப்புறம். முதல்ல ஃபோனை எடு.”

தப்பு அவளுடையதுதான். குழந்தைகளைத் தூங்க வைக்கும் தாலாட்டு ஆப் அவர்களுடையது. பாட்டை இறக்குமுன் ஃபோனில் காலியிடம் எவ்வளவு என்று அது பார்க்கும். இடமே இல்லாத ஃபோனில் என்ன ஆகிறது என்று சோதிக்க, காலியிடம் பூஜ்யம் என்று அவளே ஒரு வரி எழுதி வைத்தாள். சோதனை முடிந்ததும் அதை எடுக்க மறந்துவிட்டாள்.

புதிய பதிப்பு வெளியே போனது. யானையைக் கட்டிப்போட இடமிருந்த ஃபோன்கூட, ‘இடமில்லை, எதையாவது அழித்துவிட்டு வாருங்கள்’ என்று கைவிரித்தது. தொட்டிலில் பிள்ளை வீறிட, பெற்றவர்கள் கைக்குக் கிடைத்த படங்களையெல்லாம் அழித்துத் தள்ளினார்கள்.

காலையில் திருத்தியாயிற்று. எல்லாருக்கும் மன்னிப்பு அறிவிப்பும் போயிற்று. மேனேஜருக்கு அது போதவில்லை. புகார் எழுதிய ஒவ்வொருவரையும் அவளே கூப்பிட்டு, அழித்ததை மீட்டுக் கொடுக்க வேண்டுமாம்.

“பாவம் சார், ஆளுக்குக் கொஞ்சமா நாங்களும் பேசறோமே,” என்றான் பக்கத்து சீட்டுக்காரன். ஆபீசில் அவனுக்கு ஓட்டைவாய் என்று பேர்.

“நீ உன் வேலையைப் பாரு.”

“ஈவு இரக்கம் இல்லாத மனுஷன்!” என்று அவன் முணுமுணுத்தது கீழ்மாடி வரைக்கும் கேட்டது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் எண்ணை அழுத்தினாள்.

“அக்கா, தாலாட்டு ஆப்லேர்ந்து பேசறேன். தப்பு என்னோடதுதான்…”

“வாம்மா மகராசி! என் புள்ள குப்புறக் கவிழ்ந்த படம் மொத்தமும் போச்சு. உன்னை என்ன செஞ்சா தகும்?”

“எவ்வளவு வேணா திட்டுங்க அக்கா. திட்டிக்கிட்டே, படம் இருக்கிற இடத்துல குப்பைத் தொட்டின்னு ஒண்ணு இருக்கும், அதைத் திறங்க.”

அந்தப் பக்கம் திரையை டொக் டொக்கென்று தட்டித் தேடும் சத்தம் கேட்டது.

“அட! எல்லாம் இங்கேதான் படுத்துக் கிடக்கு! உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்டி!”

அடுத்தவர் லாரி டிரைவர். “சீக்கிரம் வழி சொல்லும்மா. என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா அடுத்து என்னையும் அழிச்சிடுவா!”

ஒருவர் பாதிப் பேச்சில் இணைப்பை வெட்டினார். மறுபடி கூப்பிட்டாள். மறுபடி வெட்டினார். அவர் அலுத்துப்போய்த் தொட்டியைத் திறக்கும்வரை அவள் விடவில்லை. சாப்பாடு ஆறிப்போனது. தொண்டை கட்டிக்கொண்டது. மேனேஜர் அவ்வப்போது வந்து நின்று, “இன்னும் எத்தனை பேர்?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் அவளே அவர் அறைக்குப் போனாள்.

“எல்லாருக்கும் கிடைச்சிடுச்சு சார்! ஒருத்தருக்கும் ஒண்ணும் போகலை!” காலையில் அழுத முகமா இது என்று இருந்தது.

“நல்லா விசாரிச்சியா?”

“ஒருத்தர் விடாம சார்.”

“சரி, வீட்டுக்குப் போ. நாளைக்கு அடுத்த பதிப்பை ஆரம்பிக்கணும்.”

“வந்துடறேன் சார்,” என்று துள்ளிக்கொண்டு போனாள்.

அவள் போனதும் ஓட்டைவாய் உள்ளே நுழைந்தான்.

“ஒரு பொண்ணை இப்படியா சார் வறுத்தெடுக்கறது? உங்க வீட்லயும் கைக்குழந்தை இருக்கு. உங்க ஃபோன்ல இப்படி ஆகியிருந்தா, நேரா தொட்டியைத் திறந்து எடுத்துட்டு இவளை மன்னிச்சிருப்பீங்க!”

“ஆச்சு,” என்றார் மேனேஜர். “அவ எழுதினது தப்பா இருக்காதேன்னு நம்பி, பாப்பா பொக்கைவாயோட சிரிச்ச வீடியோவெல்லாம் அழிச்சேன். இப்போ பாப்பாவுக்கு நாலு பல்லு.”

“அதான் தொட்டியில இருக்குமே சார்!”

“நமக்குத்தான் எல்லாம் தெரியுமே. தொட்டியும் இடத்தை அடைக்கும்னு அதையும் காலி பண்ணிட்டேன்.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “இதை எங்கேயும் உளறிடாதே. அவ நாளைக்கு வேலைக்கு வரணும்.”