ஒரு பல் தள்ளி

"எங்க மாப்பிள்ளையோட கைவண்ணத்தைக் கொஞ்சம் வந்து பாரும்மா!"

கார் பட்டறைக்குள் வந்து நிற்பதற்குள் மாமனார் இறங்கிவிட்டார். இன்ஜின் குளிர் ஜுரம் வந்த மாதிரி உதறிக்கொண்டிருந்தது.

"என்ன செஞ்சீங்க?" மெக்கானிக் பெண் பானெட்டைத் தூக்கினாள்.

"டைமிங் பெல்ட் மாத்தினேன்க்கா. நேத்து, வீட்டுலயே" என்றான் மாப்பிள்ளை.

"பேங்க்ல பேனா பிடிக்கிற கைக்கு ஸ்பேனர் எதுக்கு? நான் முப்பது வருஷம் பஸ் டிப்போவுல ஹெட் மெக்கானிக்கும்மா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"என் தப்புதான் மாமா."

"சாதாரணத் தப்பா இது? பெல்ட் இன்னும் நாலு பல் தள்ளியிருந்தா வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போயிருக்கும்!"

பக்கத்து வண்டிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். தெரியாத வேலையில் இவர் ஏன் கை வைக்கணும் என்றுதான் மெக்கானிக்குக்கும் தோன்றியது.

பெல்ட்டை மூடியிருந்த கவரைக் கழற்றினாள். பெல்ட் ஓடும் இரண்டு சக்கரங்களில், கீழே கிராங்க் சக்கரத்தின் குறி நேராக இருந்தது. மேலே கேம் சக்கரத்தின் குறி ஒரு பல் தள்ளி நின்றது. பெல்ட்டை உற்றுப் பார்த்தவள், இன்னொரு முறை குனிந்து பார்த்தாள்.

"சார், அரை மணி நேரம் ஆகும். வெளிய நிழல்ல உட்காருங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "தம்பி, பல் எண்ணி, பெல்ட்டுல வெள்ளைக் கோடு போட்டு, அழகா மாட்டியிருக்கீங்க. ஆனா கோடு இப்போ குறியில இல்லை. நீங்க மாட்டினதுக்கு அப்புறம் யாரோ கழட்டி மாட்டியிருக்காங்க."

மாப்பிள்ளை வாசல் பக்கம் பார்த்தான்.

"காலையில அவர்தான் திறந்தார். என் வேலையைச் சரிபார்க்கத்தான். ஜன்னல் வழியா பார்த்தேன். குறி எங்கேன்னு விரலால தடவித் தடவித் தேடினார்க்கா."

"அடப்பாவமே! அப்புறம் எதுக்கு இத்தனை பேர் முன்னாடி வாங்கிக் கட்டிக்கிறீங்க?"

"தப்பு யாரோடதுன்னு அவருக்கே தெரியும்க்கா. அந்தப் பயத்துலதான் இவ்வளவு சத்தம். எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியலைன்னா யாருக்கு என்ன? அவருக்கு அப்படியா?"

அவள் பெல்ட்டை ஒரு பல் நகர்த்தி மாட்டினாள். இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றினாள். குறிகள் நேருக்கு நேர் வந்து நின்றன.

"சரி, இப்படியே எத்தனை நாளைக்கு மறைப்பீங்க?"

"இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்தான். கண் டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். எனக்குத்தான் பார்வை மங்குது, தனியா போக பயமா இருக்கு, துணைக்கு வாங்க மாமான்னு கூப்பிட்டிருக்கேன்."