பின்விளக்கு எரிகிறது

இருட்டி அதிக நேரமாகவில்லை. தூறல் விடாமல் விழுகிறது. கிறீச்சிட்டு நின்ற காருக்கும் சைக்கிளின் பின்சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம்தான் இருக்கிறது. காரின் வெளிச்சம் முகத்தில் அறைய, சைக்கிள்காரன் ஒரு காலைத் தரையில் ஊன்றித் திரும்பி முறைக்கிறான். கேரியரில் அவன் மனைவி. அவனுடைய பெரிய மழைக்கோட்டு அவளைப் போர்த்தி, மட்கார்டுவரை தொங்குகிறது. அவள் இன்னும் சீட்டை விடவில்லை. “பின்னாடி லைட்டு இல்லாம ஏன்யா உயிரை வாங்குற?” என்று காரோட்டி தலையை வெளியே நீட்டிக் கத்துகிறான். “கிளம்பும்போது நானே போட்டேன். எரியுதுய்யா! உனக்குக் கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?” “எரிஞ்சா எனக்குத் தெரியாதா?” “எறங்கி வந்து பாரு!” பின்னால் ஹாரன்கள் அலறுகின்றன. மனைவி கேரியரை ஒட்டியே இறங்குகிறாள். விளக்கை மூடியிருந்த கோட்டின் கீழ்விளிம்பைத் தூக்குகிறாள். உள்ளே அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு ஒழுங்காக விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருக்கிறது. அவள் ஈரக் குதிகால் சிவந்து சிவந்து அணைகிறது. “நல்லா எரியுது, போ,” என்று காரோட்டி சேற்றை வாரியடித்துவிட்டு விலகிப் போகிறான். சைக்கிள்காரன் கன்னத்துச் சேற்றைத் துடைக்கிறான். “கோட்டைச் சுருட்டிப் பிடிச்சு உக்காரத் தெரியாதா உனக்கு?” அவள் கோட்டைக் கழற்றி அவன் தோளில் வீசுகிறாள். தூறல் அவள் மேல் நேராக விழுகிறது. “வேணாம்னு சொல்லச் சொல்ல மாட்டிவிட்டது யாரு? நான் இங்க செத்துக் கிடந்தாலும், லைட்டு எரிஞ்சுதுன்னுதானே சாதிப்பீங்க?”