சுவரொட்டியில் ஒரு வரி

“என்ரை பேரை மாத்துற துணிவு இந்த ஐரோப்பாவிலை ஒருத்தனுக்கும் இல்லை.”

இடுப்பில் ஒரு முழத் துணி, கையில் வில். எதிரே ஞானஸ்நானத் தண்ணீரோடு பாதிரியார். நிஷாந்தன் இதை முழங்கியபோது பாதிரியார் தொத்திறைச்சியைக் கடித்தபடி கைபேசி பார்த்துக்கொண்டிருந்தார்.

லைப்சிக்கில் படப்பிடிப்பு, மதிய இடைவேளை. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய கதை. இலங்கைக் காட்டிலிருந்து கொண்டுவரப்படும் வேடர்குல இளைஞன் கைரா, ஜெர்மன் பாதிரியார் வீட்டில் யோகான்னஸ் ஆகிறான். காட்டு வாழ்வா, கோட்டு சூட்டா என்று தெரியாமல் நிற்கிறான். கைராவாக நடிக்கும் நிஷாந்தன் பிறந்தது டோர்ட்முண்டில். அவன் பார்த்த ஒரே காட்டில் வாகன நிறுத்துமிடம் இருந்தது.

“துணிவு என்னத்துக்குத் தம்பி? அதுகளுக்கு எங்கடை பேர் வாயிலை வராது, அவ்வளவுதான்,” என்றார் அப்பா, சோற்றுப் பெட்டியைத் திறந்தபடி. மகன் நடிப்பதைப் பார்க்க லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

“நீங்கள் கதைக்காதேங்கோ அப்பா. முப்பது வருஷமா ஹோட்டல் குசினியிலை ‘தோமஸ்’ எண்டு கூப்பிட, ஓம் எண்டு திரும்புறீங்கள். தியாகராசா எண்ட பேரைக் கோப்பையோடை சேர்த்துக் கழுவி ஊத்திப்போட்டியள்.”

“சம்பளத் துண்டிலை சரியாத்தான் கிடக்கு.”

“ஹேர் தியாகராசா!” என்று ஜெர்மன் முறையில் ‘திரு’ போட்டு உதவி இயக்குநர் கூப்பிட்டாள். இருவரும் திரும்பினார்கள். யாழ்ப்பாண வழக்கப்படி மகன் பெயருக்குப் பக்கத்தில் அப்பாவின் பெயர்தான். ஜெர்மன் அலுவலகங்கள் அதையே குடும்பப் பெயராக்கிவிட்டிருந்தன.

அடுத்த காட்சியில் பாதிரியார் “யோகான்னஸ்” என்று அழைக்க வேண்டும், கைரா திரும்பி “யா” என்று ஜெர்மனில் ஆம் சொல்ல வேண்டும். நிஷாந்தன் மறுத்துவிட்டான்.

“இவன் திரும்ப மாட்டான்,” என்று இயக்குநரிடம் ஜெர்மனில் சொன்னான். “திரும்பினால் கைரா செத்துப்போனான். அந்த வரி இருந்தால் நான் போகிறேன்.”

அவனுக்கு இது முதல் படம். அனுப்பிவிட்டால் மறுபடியும் கைபேசிக் கடையில் உறை விற்க வேண்டியதுதான். இயக்குநர் பத்து நிமிடம் அங்குமிங்கும் நடந்தார். பிறகு அந்த வரியை அடித்து நீக்கினார்.

பாதிரியார் மூன்று முறை அழைத்தார். கைரா திரும்பவில்லை. காட்சி முடிந்ததும் ஒளிப்பதிவாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா சோற்றுப் பெட்டியை மூடினார்.

விளம்பரப் பிரிவுப் பெண் மடிக்கணினியோடு வந்தாள். சுவரொட்டியில் அவன் முகம்தான் பெரிதாக இருந்தது.

“முகத்துக்குக் கீழே உங்கள் பெயர்,” என்றாள். “ஆனால் நிஷாந்தன் தியாகராசா இரண்டு வரி போகிறது, ஒருவரும் வாசிக்க மாட்டார்கள். முழுசாகத்தான் வேண்டுமென்றால் அடியில் பொடி எழுத்தில் போடலாம். சின்னதாக ஏதாவது இருக்கிறதா?”

அப்பா மகனைப் பார்த்தார். மகன் சுவரொட்டியின் அடியில் இருந்த பொடி எழுத்துகளைப் பார்த்தான்.

“நிக்கோ,” என்றான் மெல்ல.

“நிக்கோ... பிறகு? குடும்பப் பெயர்?”

அவன் இடுப்புத் துணியை இறுக்கிக்கொண்டான்.

“தோமஸ்.”