வெள்ளை தெரிகிற தூரம்

ஐலர் மேலே விமானத்தில் மூன்றாவது சுற்றைத் தொடங்கியபோது, அவருடைய மனைவி மெட்டே வழக்கமான இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

மேய்ச்சல் நிலத்தின் நடுவில், மேடு பள்ளம் இல்லாத ஒரே இடத்தில், தனியாக, வெள்ளை உடையில்.

யூட்லாந்து தீபகற்பத்தின் அந்தக் கரையில் முதன்முதலில் பறந்தவர் ஐலர்தான். போன கோடையிலிருந்து, அவர் பறக்கிற நாளெல்லாம் அவள் இப்படித்தான் வந்து நின்றாள்.

“கல்யாணமாகிப் பன்னெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் மணப்பொண்ணு வேஷம் கலையலையே!” என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கத்துவார்கள்.

அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவாள். ஏதோ ராசி பார்க்கிறாள் என்று ஊர் நினைத்துக்கொண்டது. நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தேவாலய மணி அடித்து ஓய்ந்தது.

சற்று நேரத்தில் பெண்பிள்ளைகள் கூட்டமாக ஓடி வந்தார்கள். வளர்ந்த பிள்ளைகளைச் சபையில் சேர்க்கும் திடப்படுத்தல் ஆராதனை முடிந்து நேராக வருகிறார்கள். நிலத்தின் ஓரத்துக் கல்வேலிமேல் ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டு ஏறி நின்றார்கள்.

அத்தனை பேரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள்.

மெட்டே தன் உடையை ஒருமுறை குனிந்து பார்த்தாள். பிள்ளை இருக்கிற வீடுகளில் எல்லாம் குளிர்காலம் முழுக்க இந்த நாளுக்காகத்தான் வெள்ளை உடை தைத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கும் ஐலருக்கும் பிள்ளை இல்லை. பறக்க நாள் குறித்தபோது இது அந்த நாள் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

விமானக் கழகத் தலைவர் யோர்ட், வேலியோரம் பூங்கொத்தோடு நின்றிருந்தார்.

“அந்தப் பொண்ணுங்கள கீழ இறக்குங்க ஐயா! சீக்கிரம்!”

“என்னம்மா, பொறாமையா? எல்லாம் பச்சைப்பிள்ளைங்க. உங்க வீட்டுக்காரருக்குப் பூ குடுக்க நான்தான் வரச் சொன்னேன்.”

மேலே இன்ஜின் சத்தம் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று ஐலருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள். தெரிந்தால் அவரை இனி யாரும் பறக்க விடமாட்டார்கள். பறக்காமல் கிடந்த அந்த ஒரு குளிர்காலம் அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்தே கிடந்தார். ரொட்டியைக்கூடத் தொடவில்லை.

“அவருக்குக் கண்ணு தெரியாது,” என்றாள். “வெளிச்சம் தெரியும், வெள்ளை தெரியும். வேற ஒண்ணும் தெரியாது. வெள்ளை தெரிஞ்சதும் இன்ஜினை நிறுத்திட்டு அதைப் பாத்து இறங்கிடுவாரு. நிறுத்திட்டா, மேல வச்சு மறுபடி ஓட்ட முடியாது.”

யோர்ட் சிரிக்க வாயெடுத்தார். அவளுடைய உடையைப் பார்த்தார். பூங்கொத்து கையிலிருந்து நழுவியது.

“இறங்குங்கடி! மரத்தடிக்கு ஓடுங்க! யாராவது அதுங்க மேல கோட்டைப் போர்த்துங்கய்யா!” என்று கத்தினார்.

அப்பன்மார்கள் கறுப்புக் கோட்டுகளைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தார்கள். பிள்ளைகள் விழுந்தடித்துக் குதித்தார்கள். எங்கோ துணி கிழிந்தது. “புது உடைடீ பாவி!” என்று ஒரு தாய் அலறினாள்.

ஒருத்தி மட்டும் பயத்தில் வேலிமேலேயே உறைந்து நின்றாள். மெட்டே ஏறி, அவளை அப்படியே வாரி எடுத்துக் கீழே நீண்ட கைகளில் போட்டாள்.

முடிந்தது. வேலியில் ஒரு பிள்ளையும் மிச்சமில்லை. மரத்தடியில் வெறும் கறுப்புக் கோட்டுகள்தான் தெரிந்தன.

கர்த்தருக்கு நன்றி சொல்லக் கண்ணை மூடினாள்.

மேலே இன்ஜின் சத்தம் நின்றது.

கண்ணைத் திறந்தாள். நிலத்தின் நடுவில் யாருமே இல்லை.

கல்வேலியின்மேல், காற்றில் வெள்ளை உடை படபடக்க, அவள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.