அழுத்தமே இல்லாத ஹால்கம்

“சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், அழுத்தம் என்று ஒன்று இந்த உலகத்தில் கிடையாது. அது பலவீனர்களின் கற்பனை.”

ஆட்டக்காரர்களின் பெஞ்சுக்கு முன்னால் நின்று இப்படிப் பிரகடனம் செய்துவிட்டு, கிரேடி ஹால்கம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். பேஸ்பால் மைதானத்தின் மூன்று தளங்களிலும் அவருடைய அணி ஆட்கள் ஓடத் தயாராக நின்றார்கள். ஒரு நல்ல அடி போதும், ஆட்டம் கைக்கு வந்துவிடும்.

“இதையே பந்துகிட்டயும் ஒருவாட்டி சொல்லிடுங்க தலைவரே,” என்றான் அதே அணியின் கேட்சர் ப்ரூயிட். ஹால்கமின் மனவலிமைச் சொற்பொழிவுகளைக் கேட்டுக் கேட்டு நொந்துபோனவன்.

முதல் பந்துக்கு மட்டையைச் சுற்றினார். காற்றுதான் அடி வாங்கியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, அடித்துக்கொள் என்பதுபோல் நட்டநடுவில் வந்தது. மட்டை தோளைவிட்டு அசையவே இல்லை. மூன்றும் தவறினால் அவுட்.

“ஹால்கம், மட்டையைச் சுத்தறதுக்கு மனு போடணுமாப்பா?” என்று கேலரியிலிருந்து ஒரு குரல். சொந்த ஊர்க் கேலரி.

தலையைக் குனிந்தபடி திரும்பி வந்தவரிடம் மேனேஜர் வாசிக் சொன்னார்: “போதும் கிரேடி, உட்காரு. அடுத்த இன்னிங்ஸ்ல உன் இடத்துல வேற ஆள் நிக்கட்டும்.”

பாதி ஆட்டத்தில் வெளியேற்றம். ஹால்கமுக்குக் காது மடல்வரை சுட்டது. பெஞ்சுக்கு அடியில் ஆள் புகுமளவு இடம் இருக்கிறதா என்று பார்த்தார்.

அப்போது ப்ரூயிட் எழுந்து வந்து அவரை இறுகக் கட்டிப்பிடித்தான். பின்னாலேயே இன்னொருவன். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும்.

“விடுங்க தலைவரே. நல்ல மனுஷன் நீங்க.”

ஹால்கம் ப்ரூயிட்டின் முகத்தில் கிண்டலைத் தேடினார். இல்லை. அதுதான் அவரை உடைத்தது.

“நான் சொன்னதெல்லாம் பொய்டா. மூணாவது பந்து வர்றப்ப பயத்துல கண்ணையே மூடிட்டேன். மே மாசத்துலேர்ந்து இப்படித்தான். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. இனிமே சொற்பொழிவு கிடையாது. நாளைக்குக் காலையில உங்க எல்லாருக்கும் முன்னாடி பயிற்சிக்கு வந்துடறேன். நீ பந்து போடு, நான் முதல்லேர்ந்து கத்துக்கறேன்.”

“நாளைக்கா?” என்ற ப்ரூயிட் தரையைப் பார்த்தான்.

வாசிக் தொண்டையைச் செருமினார். “கிரேடி, அவுட்டானதுக்காக உன்னை நான் உட்கார வெக்கலப்பா. டீமுக்கு டீம் ஆள் மாத்திக்கற கெடு இன்னிக்கு சாயந்திரத்தோட முடியுது. நீ மட்டையைத் தூக்கிட்டுப் போனப்பவே மேலிடத்துல பேசி முடிச்சிட்டாங்க. இனிமே நீ மெம்ஃபிஸ் டீம்.”

கட்டிப்பிடித்ததெல்லாம் வழியனுப்பு என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மிச்சமிருந்த மரியாதையைத் திரட்டிக்கொண்டு முதுகை நிமிர்த்தினார். தன்னைக் கொடுத்து வாங்குவதென்றால் குறைந்தது இரண்டு பெரிய ஆட்டக்காரர்களாவது வந்திருப்பார்கள்.

“எனக்குப் பதிலா யாரு வர்றா?”

“அதை அப்புறமா யோசிச்சுச் சொல்றாங்களாம்.”