வெறும் நிலைக்கால்

ஆற்றில் நனைந்த பாவாடைகளைப் பிழிந்தபடி இரண்டு சிறுமிகளும் வீட்டுக்கு ஓடிவந்தார்கள். முன்னால் நுழைந்த ரோக்ல், பழக்கத்தில் வலப்பக்க நிலைக்காலைத் தொட்டு விரல்களை முத்தமிட்டாள். யூத வீடுகளில் அந்த இடத்தில் வேதவரிகள் வைத்த சின்னப் பேழை இருக்கும். இது அவளை ஒளித்துவைத்திருக்கும் கிறிஸ்தவத் தோழி யாத்விகாவின் வீடு. இங்கே வெறும் மரம்தான். உள்ளே, யூதர்களைத் தேடி வந்த ஜெர்மன் அதிகாரி உட்கார்ந்திருந்தார்.

"இவதான் நான் சொன்ன தங்கச்சி மக, சோஃபியா" என்றாள் யாத்விகாவின் அம்மா, ரோக்லைக் காட்டி அவசரமாக.

அதிகாரி எழுந்தார். "அங்க என்னத்தத் தொட்ட?"

ரோக்லின் கை உதட்டருகிலேயே நின்றுவிட்டது. பின்னால் வந்த யாத்விகா அதே இடத்தைத் தொட்டு, சத்தம் கேட்க முத்தமிட்டாள்.

"எங்க வீட்ல எல்லாரும் இப்படித்தான் உள்ள வருவோம். உங்க ஆளுங்க எங்கப்பாவ இழுத்துட்டுப் போனப்ப, அவர் இந்த மரத்தத்தான் புடிச்சிட்டிருந்தார்."

"யாரு சொல்லிக்குடுத்தா?"

"எங்கப்பாவத் தொட யாராச்சும் சொல்லிக்குடுக்கணுமா?"

அதிகாரி அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மா, கையைக்கூடக் கழுவாமல் அவரைக் கடந்து வெளியே போனாள். திரும்பி நுழையும்போது மகள் தொட்ட இடத்தைத் தொட்டு முத்தமிட்டாள். உதட்டில் மாவு ஒட்டியிருந்தது; அதை அவள் துடைக்கவில்லை.

"போறப்ப அந்த மரத்துல மட்டும் கை வெச்சிடாதீங்க" என்றாள்.